பாட்டுக்கு ஒரு மெமோ: ஆபீஸ் மொழியை நக்கலடித்தபடி புதுப் பாட்டைப் பகிர முழுமையான வழிகாட்டி

"இதைக் கேட்டுப் பார், ரொம்ப நல்லா இருக்கு" என்று நண்பர்களுக்கு ஒரு இணைப்பை அனுப்பினால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு கட்டைவிரல் உயரும். அவ்வளவுதான். பாட்டை ஒருத்தரும் திறந்திருக்க மாட்டார்கள். அதே இணைப்பை "பொருள்: மூன்றாம் காலாண்டு செவிவழி டெலிவரபிள், உடனடி அலைன்மென்ட் தேவை" என்று அனுப்பிப் பாருங்கள். முதலில் பதறுவார்கள், அப்புறம் சிரிப்பார்கள், சிரித்த வேகத்தில் பாட்டையும் தட்டிவிடுவார்கள்.

நான்கு வருடமாக வெள்ளிக்கிழமைதோறும் பத்து நண்பர்களுக்கு இப்படி ஒரு மெயில் அனுப்புகிறேன். ஒரு வாரம் தவறினால் "இந்த வார ரிப்போர்ட் எங்கே?" என்று கேட்கிறார்கள். நிஜ ரிப்போர்ட்டை அப்படி யாரும் என்னிடம் ஆசையாகக் கேட்டதில்லை.

இது ஏன் எடுபடுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆபீஸ் மொழியின் முதல் வேலையே "நான்" என்பதை மறைப்பதுதான். "மறந்துட்டேன்" என்பது "ரேடாரிலிருந்து நழுவிவிட்டது" ஆகும். "என்னால முடியாது" என்பது "இப்போதைக்கு பேண்ட்விட்த் இல்லை" ஆகும். ஆட்களை வீட்டுக்கு அனுப்புவது "ரைட்சைஸிங்" ஆகும். பாட்டைப் பகிர்வது இதற்கு நேரெதிர். "எனக்கு இது பிடித்திருக்கிறது" என்று சொல்லிவிட்டு, எதிரில் இருப்பவருக்குப் பிடிக்குமோ பிடிக்காதோ என்று தெரியாமல் நிற்க வேண்டும். அதில் ஒரு கூச்சம் இருக்கிறது. எல்லாவற்றையும் மறைக்கிற மொழியை எடுத்து, மறைக்க முடியாத ஒன்றின் மேல் போர்த்துகிறோம். போர்வைக்கு வெளியே கால் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கால்தான் வேடிக்கை.

படி 1: முதலில் பாட்டு, அப்புறம் நக்கல்

நிறையப் பேர் தலைகீழாகச் செய்கிறார்கள். நக்கல் வரி ஒன்று தோன்றிவிடும், அதற்கு ஒட்டுகிற மாதிரி ஏதோ ஒரு பாட்டைத் தேடுவார்கள். நக்கல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பாட்டு சுமாராக இருந்தால் அடுத்த வாரம் மெயிலைத் திறக்க மாட்டார்கள். என் அளவுகோல் எளிது: ஒரு வாரத்துக்குள் யாரும் சொல்லாமல் நானாகவே மூன்றாம் முறை போட்ட பாட்டுதான் மெயிலுக்குத் தகுதி.

எங்கே தேடுவது? ஸ்பாட்டிஃபையின் 'டிஸ்கவர் வீக்லி' 2015 ஜூலையிலிருந்து திங்கள்தோறும் 30 பாட்டுகளைத் தட்டில் வைத்துக் கொடுக்கிறது. பரவாயில்லை. ஆனால் அது நீங்கள் ஏற்கெனவே விரும்புகிறதன் பக்கத்து வீட்டைத்தான் காட்டும், அடுத்த ஊரைக் காட்டாது. எனக்கு நம்பிக்கை மனிதர்கள் மேல்தான். பேண்ட்கேம்ப் தளத்தில் ஒரு ஆல்பத்தைத் திறந்தால், அதைக் காசு கொடுத்து வாங்கியவர்களின் சின்னச் சின்னப் படங்கள் தெரியும். ஒன்றைத் தட்டினால் அவர் வாங்கிய மற்றவை எல்லாம் விரியும். முன்பின் தெரியாத ஒருவரின் அலமாரிக்குள் எட்டிப் பார்ப்பது போல. என்னுடைய நல்ல கண்டுபிடிப்புகளில் பாதி இப்படித்தான் வந்தன.

இசைத்தட்டுகளின் விவரங்களைத் தொகுத்து வைக்கும் டிஸ்காக்ஸ் தளம் இன்னொரு வழி. பிடித்த பாட்டில் பாஸ் கிட்டார் வாசித்தவர் யார் என்று பார்த்து, அவர் வேறு எங்கெல்லாம் வாசித்திருக்கிறார் என்று போய்க்கொண்டே இருக்கலாம். ரேடியோ கார்டனில் பூமி உருண்டையைச் சுழற்றி, எங்கோ விடிகாலை மூன்று மணிக்கு ஓடும் வானொலியைக் கேட்கலாம். அறிவிப்பாளர் சொன்ன பெயர் புரியாவிட்டால் ஷஸாம் இருக்கிறது. 2002-ல் பிரிட்டனில் அது தொடங்கியபோது 2580 என்ற எண்ணுக்கு போன் போட்டு, ஸ்பீக்கர் பக்கம் நீட்ட வேண்டும், பாட்டின் பெயர் எஸ்எம்எஸ்ஸில் வரும். அந்தச் சிரமத்தோடு ஒப்பிட்டால் நமக்குச் சாக்கு ஒன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமையை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. 2015 ஜூலை 10 முதல் பல நாடுகளில் புது ஆல்பங்கள் வெளியாகும் நாள் வெள்ளி என்று ஒன்றாக்கப்பட்டது. வாராந்திர ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் கேட்கிற நாளும் பெரும்பாலும் அதேதான். இரண்டும் ஒரே நாளில் விழுந்தது தற்செயல்தான், ஆனால் விடக்கூடாத தற்செயல்.

என் குழுவில் நன்றாக ஓடிய மூன்றைச் சொல்கிறேன், உங்களுக்கு ஒரு திசை கிடைக்கும். ஒன்று, சஹாராவின் துவாரெக் மக்களுடைய கிட்டார் இசை. 1979-ல் அல்ஜீரியாவின் தமன்ராசெட்டில் தொடங்கிய தினாரிவென் குழுவிலிருந்து ஆரம்பிக்கலாம். இரண்டு, எத்தியோப்பிய ஜாஸ். முலாத்து அஸ்தாத்கேயின் வைப்ரஃபோன் (உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் கருவி) வழியாக உள்ளே போங்கள். அங்கே 'திஸிதா' என்றொரு ஐந்து சுர அளவை இருக்கிறது, அதன் ஒரு வடிவத்தின் சுரங்களும் நம் மோகனத்தின் சுரங்களும் ஒன்றே. முதல் தடவை கேட்கும்போதே ஏதோ சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த மாதிரி இருப்பது அதனால்தான். மூன்று, தென்னாப்பிரிக்காவின் அமாபியானோ. நிமிடத்துக்கு சுமார் 110 முதல் 115 துடிப்பு, அவசரமே இல்லாத நடை, அடியில் 'லாக் டிரம்' என்கிற உருளும் பாஸ் ஒலி. பெயரில்தான் டிரம், உண்மையில் அது சிந்தசைஸரிலிருந்து வருவது. நிறுவனங்களில் பதவிப் பெயரும் வேலையும் இருக்கிற உறவு போலத்தான்.

படி 2: சொற்களைப் பிடித்துப் போடுங்கள்

இணையத்தில் கிடைக்கும் "எரிச்சலூட்டும் 50 ஆபீஸ் சொற்கள்" பட்டியலைத் தொடவே தொடாதீர்கள். அதில் இருப்பதெல்லாம் பழைய ஜோக். இந்த வாரம் உங்கள் காதில் விழுந்ததுதான் சரக்கு. மீட்டிங்கில் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். கவனமாகக் குறிப்பெடுக்கிறவர் என்ற பெயரும் கிடைக்கும்.

இந்த விளையாட்டுக்கு ஒரு சின்ன வரலாறு உண்டு. மீட்டிங்கில் வருகிற பகட்டுச் சொற்களை, அதாவது பஸ்வேர்டுகளை, கட்டங்களில் எழுதி அடித்துக்கொண்டே போகும் 'பஸ்வேர்ட் பிங்கோ' 1993-ல் சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனத்தில் பிறந்தது. 1996-ல் அமெரிக்காவின் எம்ஐடி பட்டமளிப்பு விழாவில் அப்போதைய துணை அதிபர் அல் கோர் பேசியபோது, மாணவர்கள் அந்த அட்டையோடுதான் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்பாராத இடத்தில் ஆரவாரம் எழுந்ததும், ஏதாவது பஸ்வேர்ட் சொல்லிவிட்டேனா என்று அவரே கேட்டுவிட்டார்.

பிடித்த சொற்களை நான் மூன்று டப்பாவில் போடுவேன். நழுவுகிறவை: சர்க்கிள் பேக், ஆஃப்லைனில் பேசலாம், பார்க்கிங் லாட்டில் போடுவோம். ஊதிப் பெருக்குகிறவை: சினர்ஜி, எக்கோசிஸ்டம், ஜர்னி. அப்புறம் குழைந்துகொண்டே கட்டளையிடுகிறவை. இதில் அரசன் 'ஜென்டில் ரிமைண்டர்'. அதில் ஜென்டில் எங்கே இருக்கிறது என்று இன்று வரை நான் பார்த்ததில்லை.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு கூடுதல் வசதி இருக்கிறது. நம்மிடம் இரண்டு ஆபீஸ் மொழிகள். ஒன்று மேலே சொன்ன தங்லீஷ். மற்றது "தங்கள் மேலான பார்வைக்கு", "பார்வையில் கண்ட கடிதத்தின்படி", "ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது" என்று போகிற அரசாங்கக் கடிதத் தமிழ். யார் கேட்டுக்கொள்கிறார்கள்? யாரும் இல்லை. அது தானாகவே கேட்டுக்கொள்ளப்படுகிறது. மறைப்புக் கலையில் 'டூ தி நீட்ஃபுல்' எல்லாம் இதனிடம் பாடம் படிக்க வேண்டும். ஒரே மெயிலில் இரண்டையும் கலக்காதீர்கள். ஒரு வாரம் கார்ப்பரேட், ஒரு வாரம் கலெக்டர் ஆபீஸ் என்று மாற்றிக்கொள்ளலாம். கலந்தால் எழுதுகிறவர் யார் என்ற உருவமே கலைந்துவிடும், நக்கலும் கலைந்துவிடும்.

படி 3: சொல்லை அதன் பிறந்த வீட்டுக்கு அனுப்புங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இதுதான், கொஞ்சம் நீட்டிச் சொல்ல அனுமதியுங்கள். ஆபீஸில் புழங்கும் சொற்களில் கணிசமானவை ஒலி உலகத்துக்கும் சொந்தமானவை. அவற்றைத் திரும்ப இசையிடம் கொண்டுபோய் விட்டால் இரட்டை அர்த்தம் இலவசமாக வரும்.

'ஃபீட்பேக்'கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கியிலிருந்து வரும் சத்தத்தை மைக் மறுபடி பிடித்து, அது மறுபடி பெருகி, கடைசியில் காதைக் கிழிக்கும் 'கீ...' என்ற ஊளை. ஒருவர் சொன்னதையே அவர் காதில் திரும்பத் திரும்ப ஓதினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நேர்மையான படம் கிடையாது. 'பேண்ட்விட்த்' என்பது எந்த அதிர்வெண்ணிலிருந்து எந்த அதிர்வெண் வரை ஒரு பாதையில் போக முடியும் என்ற அளவு. பழைய தொலைபேசிக் கம்பியில் சுமார் 300 ஹெர்ட்ஸ் முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் போகும். பேச்சுக்கு அது போதும், பாட்டுக்குப் போதாது. போனில் காத்திருக்கும்போது ஓடும் இசை தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி கேட்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். 'ரெசனேட்' ஆகிறது என்கிறார்களே, ஒரு தந்தியை மீட்டினால் அதே சுருதியில் இருக்கும் இன்னொரு தந்தி தொடாமலே அதிர்வதுதான் அது. சித்தாரில் அடியில் இருக்கும் தந்திகளுக்கு வேலையே அதுதான். 'பிங் பண்ணு' என்பது கடலுக்கு அடியில் ஒலியை வைத்துத் துழாவும் சோனார் கருவி எழுப்பும் ஒலி. 'மூவ் தி நீடில்' என்பார்கள். ஒலிப்பதிவு மேசையில் நிஜமாகவே ஒரு முள் உண்டு, ஒலியின் அளவைக் காட்டும், 1939-ல் உருவான வி.யூ. மீட்டரின் முள்.

இப்போது எழுதிப் பாருங்கள். "பாஸ் ஒலிக்குத் தேவையான பேண்ட்விட்த் பாட்டில் இருக்கிறது, உங்கள் போன் ஸ்பீக்கரில் இல்லை. ஹெட்போன் போடவும்." இது ஜோக்கும்தான், ஒலியியல் உண்மையும்தான், கேட்பவருக்குத் தேவையான அறிவுரையும்தான். ஒரு வரியில் மூன்று வேலை. "1:35-ல் முள் நகர்கிறது" என்று எழுதினால் கேட்பவர் அந்த இடத்துக்காகக் காத்திருப்பார். வெறும் 'சினர்ஜி'யை வைத்து இப்படி எதுவும் செய்ய முடியாது.

படி 4: மெயிலை எழுதுங்கள்

வடிவம் நிஜ ஆபீஸ் மெயிலாகவே இருக்க வேண்டும். எழுத்துருவை மாற்றாதீர்கள், சிரிப்புப் பொம்மை போடாதீர்கள். முகத்தைத் திருப்பாமல் சொல்வதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் அனுப்பிய ஒன்றை, பாட்டின் பெயரையும் இணைப்பையும் மட்டும் எடுத்துவிட்டு, அப்படியே தருகிறேன். அந்த இடத்தில் உங்கள் பாட்டை வையுங்கள்.

"பொருள்: ஜென்டில் ரிமைண்டர் - பாலைவன கிட்டார் முன்னெடுப்பு, கட்டம் 1

அனைத்து ஸ்டேக்ஹோல்டர்களுக்கும்,

இந்த மெயில் உங்களை நலமாகச் சந்திக்கும் என நம்புகிறேன்.

செவ்வாய் இரவு 11:40 மணிக்கு, விளக்கணைத்த நிலையில் நடைபெற்ற டீப் டைவில் இணைப்பில் உள்ள சொத்து அடையாளம் காணப்பட்டது. நீளம்: 4 நிமிடம் 52 நொடி. உள்ளடக்கம்: கிட்டார் 3, கைதட்டல் பல. மொழி தமாஷெக். பாடகர் என்ன சொல்கிறார் என்பதில் இன்னும் அலைன்மென்ட் எட்டப்படவில்லை.

கேபிஐ: முதல் 20 நொடிக்குள் தலையாட்டல். இலக்கு 100 சதவீதம். எட்டியது 100 சதவீதம். (ஆய்வில் பங்கேற்றோர்: நான்.)

ரிஸ்க்: வேலை நேரத்தில் கேட்டால் அடுத்த மீட்டிங்கில் கால் தானாகத் தாளம் போடக்கூடும். தீர்வு: கேமராவை இடுப்புக்கு மேல் வைக்கவும்.

ஆக்ஷன் ஐட்டம்: 2:10-ல் இரண்டாவது கிட்டார் உள்ளே வரும். அந்த இடத்தில் வேறு எதுவும் செய்ய வேண்டாம். மூன்று நாளாக நான் அங்கேயே நிற்கிறேன்.

மேலும் விவரங்களுக்கு ஆஃப்லைனில் சந்திப்போம்.

இப்படிக்கு,
துணைத் தலைவர் (பொறுப்பு), செவிவழி வளர்ச்சிப் பிரிவு"

"உங்களை நலமாகச் சந்திக்கும்" என்ற வரியைக் கவனித்தீர்களா? ஆங்கிலத்தில் அன்றாடம் கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிற வரிதான். தமிழில் அப்படியே போட்டதும் மெயிலுக்குக் கை கால் முளைத்து வீடு வீடாகப் போகிற மாதிரி ஆகிவிட்டது. சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பதும் ஒரு கருவிதான், ஆனால் ஒரு மெயிலுக்கு ஒரு தடவை போதும்.

பாட்டின் பெயர், கலைஞர், ஆண்டு மூன்றையும் விளையாட்டு இல்லாமல் தெளிவாக எழுதுங்கள். அதிலும் நக்கல் செய்தால் பின்னால் தேடுகிறவருக்குக் கிடைக்காது, உழைத்த கலைஞருக்கும் மரியாதை இல்லை.

படி 5: அந்த ஒரு நேர் வரி

மேலே உள்ள மாதிரியில் ஒரே ஒரு வரியில்தான் ஆபீஸ் மொழி இல்லை. "மூன்று நாளாக நான் அங்கேயே நிற்கிறேன்." மற்ற அத்தனையும் இந்த வரியைத் தூக்கிக்கொண்டு வரத்தான். இது இல்லாத மெயில்களையும் அனுப்பிப் பார்த்திருக்கிறேன். "செம" என்று பதில் வரும், மெயிலைப் பற்றி. பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை வராது.

இந்த வரியில் "நான்" இருக்க வேண்டும். பாட்டின் ஏதாவது ஒரு நொடியைத் தொட வேண்டும். "அற்புதமான இசையமைப்பு" என்பது நேர் வரி ஆகாது, அதுவும் ஒரு வகை ஆபீஸ் மொழிதான், விமர்சகர்களின் ஆபீஸ். "கடைசியில் அவர் மூச்சு வாங்குவது பதிவாகியிருக்கிறது, அதை ஏன் வெட்டாமல் விட்டார்கள் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்" என்பது நேர் வரி. எழுதும்போது லேசாகக் கூச வேண்டும். கூசவில்லை என்றால் இன்னும் வரவில்லை என்று அர்த்தம்.

இதைக் கடைசி வரியாக மட்டும் வைக்காதீர்கள். கடைசியில் வைத்தால் கனம் கூடிவிடும், படிக்கிறவர் என்ன சொல்வதென்று தெரியாமல் நெளிவார். கடைசிக்கு முன்னால் வைத்து, உடனே "ஆஃப்லைனில் சந்திப்போம்" என்று கதவைச் சாத்திவிடுங்கள்.

நீளம் பற்றி ஒரு வார்த்தை. ஸ்பாட்டிஃபையில் 30 நொடி கேட்டால்தான் அது ஒரு ஸ்ட்ரீம் என்று கணக்கு. மெயிலையும் கிட்டத்தட்ட அந்த நேரத்துக்குள் படித்துவிட முடிய வேண்டும். நான் ஆரம்பத்தில் இரண்டு பக்கம் எழுதினேன். அதெல்லாம் நக்கல் இல்லை, நிஜ மெயில்.

படி 6: யாருக்கு, எங்கிருந்து

சொந்த முகவரியிலிருந்து மட்டும் அனுப்புங்கள். ஒரு மெயிலுக்கு ஒரே பாட்டு. ஆளுக்கொரு செயலியில் கேட்பார்கள், அதனால் சாங்லிங்க் மாதிரி எல்லாத் தளங்களுக்கும் ஒரே இணைப்பு தருகிற வசதியைப் பயன்படுத்துங்கள்.

குறிப்பிட்ட ஒரு மேலாளரின் பேச்சைப் போல எழுதாதீர்கள். நக்கல் மொழியின் மேல் இருக்க வேண்டும், ஆள் மேல் இல்லை. அந்த மொழியை நாமும்தான் பேசுகிறோம். நேற்றுக்கூட நான் ஒருவரிடம் "சர்க்கிள் பேக் பண்றேன்" என்றேன், பண்ணவில்லை. அப்புறம், ஆட்குறைப்பு நடக்கிற நாட்களில் அந்த வாரத்தை அப்படியே விட்டுவிடுங்கள். 'ரைட்சைஸிங்' என்ற சொல் அப்போது யாருக்கும் சிரிப்பு வரவழைக்காது.

சொந்த முகவரி என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, மேலே தந்த அதே பாலைவன கிட்டார் மெயிலை ஆபீஸ் முகவரியிலிருந்து அனுப்பித் தொலைத்தேன். ஒரு நண்பரின் பெயரைத் தட்டும்போது, அதே எழுத்தில் தொடங்கும் இன்னொரு பெயர் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. சேர்ந்து இரண்டு வாரமே ஆன ஒரு பையன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: "நோட்டட். வில் டூ பை ஈஓடி." அதாவது, இன்று மாலைக்குள் முடித்துவிடுகிறேன். எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. விளக்கலாமா, விடலாமா என்று யோசித்து, கோழைத்தனமாக விட்டுவிட்டேன். மாலை ஆறு மணிக்கு ஒரு எக்செல் வந்தது. பத்திகள்: 'சொத்து', 'நிலை', 'குறிப்பு'. நிலை: பெண்டிங். குறிப்பு: "2:10 சரிபார்க்கப்பட்டது."

பயல் புரிந்துகொண்டுவிட்டான். பத்தாவது ஆளாக அவனைச் சேர்க்க வேண்டியதாயிற்று.

படி 7: காலாண்டு ஆய்வு

ஒரு காலாண்டுக்கு 13 வாரம், ஆக 13 பாட்டு. சராசரி நாலரை நிமிடம் என்று வைத்தால் 58 நிமிடம் 30 நொடி. பழைய 60 நிமிட கேசட்டில் கச்சிதமாக அடங்கும், பக்கத்துக்கு அரை மணி நேரம். ஆகவே காலாண்டு முடிவில் பதின்மூன்றையும் ஒரே பட்டியலாக்கி, ஏ பக்கம், பி பக்கம் என்று பிரித்து அனுப்புங்கள். எந்தப் பாட்டு எந்தப் பக்கத்தைத் தொடங்க வேண்டும் என்று யோசிப்பதில் ஒரு ஞாயிறு போய்விடும். போகட்டும்.

பாட்டுகளுக்கு அப்ரைசலும் உண்டு. "எதிர்பார்ப்பை மிஞ்சியது", "முன்னேற்றம் தேவை" என்று எல்லோரும் மதிப்பெண் போடுவார்கள். அதற்கு நாங்கள் இன்றும் அந்தப் பையனின் எக்செல்லைத்தான் பயன்படுத்துகிறோம். கீழே கீழே வரிசை வளர்ந்து இருநூறைத் தாண்டிவிட்டது, எல்லாவற்றுக்கும் எதிரே 'குளோஸ்டு'. முதல் வரிசையில் மட்டும், நாலு நிமிடம் 52 நொடிப் பாட்டுக்கு எதிரே, இன்னும் 'பெண்டிங்' என்றே இருக்கிறது. போன ஆய்வில் ஏன்டா என்று கேட்டேன்.

"இன்னும் கேட்டு முடியலண்ணா" என்றான்.